ஐந்தாம் வகுப்பில் இந்தப் பருவம் என்ன படிக்கிறார்கள்? (முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்)

கேள்வி, அக்டோபர் 7

மகள் கடலூரில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்நாடு பாடத்திட்டம், ஆங்கில வழி. தீபாவளி கழித்து எனக்குப் புதுச்சேரிக்கு மாற்றல். அவளையும் அங்கேயே அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறோம். இந்தப் பருவத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்? நடுவில் மாற்றினால் எதையாவது விட்டுவிடுவாளா? வீட்டில் அவள் அம்மாவுக்கு ஒரே கவலை. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 7, மாலை

ஐந்தாம் வகுப்புக் கணக்கு எங்கே போனாலும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் பின்னம், கொஞ்சம் கோணம். சேர்த்துவிடுங்கள் சார்.

அக்டோபர் 7, இரவு

மேலே எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். சரி, கிடக்கட்டும். சோறு வடிக்கும்போதுதான் அவசரப்பட்டது உறைத்தது.

நான் ரெட்டிச்சாவடியில் (எல்லைக்குக் கடலூர்ப் பக்கம்) வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்தேன், வேலை வரவில்லை, அது தனிப் புராணம். 2021 கடைசியில், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை வீட்டருகே சொல்லிக்கொடுக்க அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகப் போனேன், மாதம் ஆயிரம் ரூபாய். அப்போது ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் இன்னும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் இப்போது ஏழு பேர். நாலு பேர் இந்தப் பக்கம். மூன்று பேர் கன்னியக்கோயில், பாகூர் பக்கம், அதாவது புதுச்சேரி. ஒரே பாயில் இரண்டு பாடத்திட்டம்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 22 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால் எல்லை தெரியாது. முள்ளோடையில் பிராந்திக்கடை போர்டுகள் வரிசையாக வர ஆரம்பித்தால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம். பாடப்புத்தகமும் அங்கேதான் மாறுகிறது.

"இந்தப் பருவம்" என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லே நம் பக்கத்துச் சொல். தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று, ஜனவரிக்கு மேல் ஒன்று. பருவத்துக்கு ஒரு புத்தகம். பரீட்சை முடிந்தால் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடலாம். வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்பில் அவ்வப்போது பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசிப் பரீட்சை) 60. அந்தப் பக்கம் சி.பி.எஸ்.இ. ஏப்ரலில் வருடம் தொடங்கும், வருடம் முழுக்க ஒரே புத்தகம். ஆக நம் பிள்ளை இரண்டாம் பருவத்தின் முதல் பாடத்தில் இருக்கும்போது அந்தப் பக்கத்துப் பிள்ளை புத்தகத்தில் பாதியைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டம்மா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 9

பாகூர்க்காரியின் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். (உள்ளே பாதி கடித்த கொய்யா ஒன்றும் இருந்தது.)

நம் பக்கம் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் பிரியாது. இரண்டும் சேர்ந்து ஒரே பாடம், பிள்ளைகள் வாயில் அது ஈ.வி.எஸ். ஆறாம் வகுப்பில்தான் தனித்தனியாகும். உங்கள் மகளுக்கு ஒரு புத்தகம் குறைகிறது, அவளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நம் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் 2019 இல் வந்தவை. அந்தப் பக்கத்துப் புத்தகங்கள் 2025-26 இல்தான் மாறின. அதற்கு முன்பிருந்த கணக்குப் புத்தகம் மீன்பிடிப்பில் தொடங்கும். கட்டுமரம் மணிக்கு எவ்வளவு தூரம் போகும், மோட்டார் படகு எவ்வளவு, பிடித்த மீன் எத்தனை கிலோ என்று. நம் கடற்கரைப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கும். அது போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புதியது பயணத்தில் தொடங்குகிறது, இரண்டாவது பாடமே பின்னம், மூன்றாவது கோணம். தள்ளிப் போனால் பால் பண்ணை, தென்னந்தோப்பு எல்லாம் வருகிறது.

கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாடம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பின்னத்தை எப்போதோ முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்கு வரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வருடம் அதை இன்னும் தொடவில்லை. உங்கள் மகள் விடப்போவது அதைத்தான்.

அக்டோபர் 10

ஒருத்தர் சுட்டிக்காட்டியிருக்கிறார், சரிதான். புதுச்சேரி என்றாலே சி.பி.எஸ்.இ. என்று எழுதிவிட்டேன். அரசுப் பள்ளிகள்தான் முழுக்க மாறின. 2024-25 இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மாறியதோடு அது முடிந்தது. தனியார் பள்ளிகளில் நம் தமிழ்நாட்டுப் புத்தகத்தையே வைத்திருப்பவை நிறைய. அப்படி ஒன்றில் சேர்த்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

கேள்வி கேட்டவர் அரசுப் பள்ளி என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆகவே தொடர்கிறேன். தொடரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதுவும் தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஏழு பேருக்கும் ஒரே கணக்கு: 1/2 + 1/4.

பாகூர்க்காரி பின்னப் பாடத்தை முடித்தவள். பள்ளியில் வைத்த டெஸ்ட்டில் நல்ல மார்க். அவள் எழுதியது 2/6. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு. கோடு கூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள்.

பின்னத்தை இன்னும் தொடாத பையன் ஒருத்தன் இருக்கிறான், அவன் அம்மா மீன் கூடை தூக்கிப் போய் விற்கிறவர். காகிதத்தைப் பார்த்து முழித்தான். "அரைக் கிலோ சங்கரா, கால் கிலோ நெத்திலி. பை எவ்வளவுடா கனக்கும்?" என்றேன். "முக்கால் கிலோ. பை எதுக்கு, கவர்ல போட்டுடலாம்" என்றான்.

அவளிடம் திரும்பி, "அரையும் காலும் எவ்வளவு?" என்று வாயால் கேட்டேன். "முக்கால்" என்றாள் பட்டென்று. "அப்ப இது என்ன 2/6?" "அது கணக்கு டீச்சர்."

அது கணக்காம். இது வேறயாம்.

2/6 என்பது மூன்றில் ஒன்று. கையில் இருந்த அரையை விடக் குறைவு. அரையோடு காலைச் சேர்த்ததில் இருந்த அரையும் குறைந்துபோனது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஆக, சார், பாடம் நடந்து முடிந்ததா என்ற கவலையை விடுங்கள். நடந்த இடத்திலேயே இப்படித்தான் இருக்கிறது.

அக்டோபர் 13

நேற்று எழுதியதைப் படித்தால் மீன்காரம்மா பிள்ளைக்குக் கணக்கு பிறவியிலேயே வரும் என்கிற மாதிரி இருக்கிறது. இன்று அதே இருவருக்கும் 2/5 + 1/5 கொடுத்தேன். பாகூர்க்காரி ஐந்து கட்டம் வரைந்து, இரண்டைத் தீட்டி, இன்னும் ஒன்றைத் தீட்டி 3/5 என்றாள். மீன் பையன் உட்கார்ந்துவிட்டான். ஐந்தில் இரண்டு பங்கு கிலோ எதையும் யாரும் விற்பதில்லையே. அரை, கால், அரைக்கால் என்று பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று போகும் வரைதான் அவன் ராஜா.

கட்டம் வரைந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு நேற்று நான் செய்தது அநியாயம். அந்தக் கட்டம் அவள் கையில் இருக்கிறது. கீழே இருக்கும் எண் மாறினால் மட்டும் கட்டத்தை மறந்து கூட்டலுக்கு ஓடுகிறாள். ஓரினப் பின்னம் வருகிறது, வேற்றினப் பின்னத்தில் வழுக்குகிறது.

அக்டோபர் 13, இன்னும் கொஞ்சம்

எங்கள் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருப்பவர். பண்ருட்டிப் பக்கத்து மனுஷி. "அஞ்சுல ஒண்ணுக்குப் பேரு இல்லன்னு யாரு சொன்னது? நாலுமா" என்றார்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு மா என்றால் 1/20. நாலு மா என்றால் 4/20, அதாவது 1/5. சரியாகத்தான் இருக்கிறது! அவர் அப்பா சொல்லிக்கொடுத்ததாம். அப்புறம் மாகாணி என்றால் 1/16, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320 என்று அடுக்கினார். பண்ருட்டிக்காரர் முந்திரி என்றதும் பிள்ளைகளுக்குத் தின்கிற முந்திரிதான் கேட்டது. "ஒண்ணை 320 பேருக்குப் பிரிச்சா ஒருத்தனுக்கு என்னடா கிடைக்கும்?" "தோல்தான் பாட்டி."

"மூணில் ஒண்ணுக்கு என்ன பேர் அத்தை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தார். "அதுக்கு இல்ல" என்றார்.

அக்டோபர் 17

கோணத்தை இரண்டு பக்கமும் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தவருக்கு: அந்தப் பக்கத்துப் புத்தகத்தில் கோணம் என்றால் திரும்புதல். எழுந்து நின்று கால் சுற்று திரும்பு, அரைச் சுற்று திரும்பு. நம் பிள்ளைகள் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று பெயர் சொல்லிப் பழகியவர்கள். இரண்டையும் கலந்து நடத்தினேன். ஏழு பேரையும் வாசலைப் பார்க்க நிறுத்தி அரைச் சுற்று என்றேன். அடுப்படியைப் பார்த்ததும் ஒருத்தன், "டீச்சர், வடை" என்றான். கோணம் அத்தோடு முடிந்தது.

அக்டோபர் 24

தீபாவளி முடிந்து பிள்ளைகள் இன்னும் தெளியவில்லை. பாதிப் பேருக்குக் கையில் மத்தாப்புத் தழும்பு.

சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வைக்கும் நம் பக்கத்துத் திட்டமான எண்ணும் எழுத்தும் பற்றி ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார், "எல்லாம் பாட்டும் கூத்தும்தானே" என்று. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரை வந்தது, 2023-24 இல் நாலும் ஐந்தும் சேர்ந்தன. எங்களிடம் வரும் பையனின் தம்பி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த காலத்தில் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து "அம்மா, நான் மொட்டு" என்றானாம். அம்மா பதறிப்போய்ச் சத்து டானிக் வாங்கிவிட்டார். கூத்து இருக்கட்டும், அந்தத் தம்பி இப்போது தினசரியை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான். அண்ணன் கொரோனா வருடங்களில் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் தொடங்கியவன், இன்றும் விரல் வைத்துத்தான் படிக்கிறான். இதிலிருந்து திட்டம் நல்லதா கெட்டதா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டே பிள்ளைகள், அதுவும் ஒரே வீடு.

நவம்பர் 1

இன்று அந்தப் பக்கம் விடுதலை நாள். கன்னியக்கோயில் பையன் கொடி குத்திக்கொண்டு வந்தான். "உங்களுக்குத்தான் ஆகஸ்ட் 15. எங்களுக்கு ரெண்டு" என்று பீற்றல். கணக்கு மூன்று என்று நான் திருத்தினேன். 1954 அக்டோபர் 18 கீழூரில் வாக்கெடுப்பு, நவம்பர் 1 ஆட்சி கைமாறியது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பிள்ளைக்கு மூன்று சுதந்திரத் தேதி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொறாமை, விடுமுறைக் கணக்கில்தான்.

கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. "எட்டுப் பேர் ஏன் வேணாம்னாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கழித்தலுக்காகச் சொன்னது, எங்கேயோ போய்விட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

நம் பக்கம் இந்தப் பருவத்துச் சமூக அறிவியலில் கோட்டைகளும் அரண்மனைகளும் என்று ஒரு பாடம். செஞ்சி, வேலூர் எல்லாம் வரும். ஊர் அருகே இருக்கும் கோட்டை ஒன்றைப் பற்றிச் சார்ட் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கம்போல ப்ரவுசிங் சென்டரில் கொடுத்து எடுத்தாயிற்று. முப்பது ரூபாய். கடலூர்க் கோட்டை என்று கேட்டால் சென்னை ஜார்ஜ் கோட்டைப் படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார் கடைக்காரர். பையனும் ஓட்டிவிட்டான். கோட்டைக்கு முன்னால் தலைமைச் செயலகத்துக் கார்கள் வேறு.

சரி கிளம்பு என்று நாலு பேரை ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். புனித டேவிட் கோட்டை. 1690 இல் இங்கிலீஷ் கம்பெனி நாயக்கரிடமிருந்து வாங்கியது. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். இப்போது இருப்பது சிதைந்த சுவரும் முள்ளும்தான். "இதுவா டீச்சர் கோட்டை?" என்றான் ஒருத்தன். ஷேர் ஆட்டோக் காசை நினைத்து எனக்கும் அதே கேள்விதான்.

ஆனால் குண்டுக் கதையைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேர்த்தி என்று பேரம் வந்தபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமமெல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி என்ற பெயரே அப்படி வந்ததுதான் என்பார்கள்.

இதில் ஒரு விஷயம். எங்கள் பையன் ஒருத்தனுக்கு அம்மா வீடு குண்டு உப்பலவாடி. உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல. மூன்று வருடமாக அவன் பெயரே குண்டுதான். கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பீரங்கிக் குண்டுடா. தெரிஞ்சுக்கோ." ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் இதே.

நவம்பர் 10

திருத்தம். நாயக்கரிடமிருந்து வாங்கியது என்று எழுதிவிட்டேன். 1690 இல் செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது, சிவாஜி மகன் ராஜாராம் காலம். விற்றது மராட்டியர்கள். பிள்ளைகளிடமும் தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியாயிற்று. ஒயிட்னர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 11

கோட்டை ஏன் இடிந்தது என்பதில் பாயில் போர். 1746 இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் இங்கிலீஷ்காரர்களுக்குச் சில வருடம் தேவனாம்பட்டினம்தான் தலைமையிடம். கிளைவ் கூட 1756 இல் இங்கே கவர்னர். 1758 இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துவிட்டார். இதைச் சொன்னதும் பாகூர்க்காரி, "எங்க ஆளுங்க இடிச்சிட்டாங்களா!" என்று கைதட்டினாள். குண்டு விடவில்லை. "அப்புறம் என்னாச்சு டீச்சர், சொல்லுங்க." 1761 இல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து அதைத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது இவன் கைதட்டல்.

"ரெண்டு பேருக்கும் தாத்தாவாடா அவனுங்க?" என்றார் திண்ணையிலிருந்து மாமியார்.

நவம்பர் 18

மழை. இந்த ஊரில் ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பருவம் என்றால் பாதி மழை விடுமுறைதான். இந்தப் பக்கம் கலெக்டர் அறிவிக்க வேண்டும், அந்தப் பக்கம் அவர்கள் அரசு. ஒரே மேகம்தான், ஆனால் ஒரு பிள்ளைக்கு லீவு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

லீவில் சும்மா இருப்பானேன் என்று 2024 ஃபெஞ்சல் புயல் மழையைச் சுவரில் வரைந்தோம். டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரு நாளில் புதுச்சேரியில் கிட்டத்தட்ட 48 செ.மீ. ஸ்கேல் 30 தான், ஒரு ஸ்கேல் போதவில்லை. மேலே இன்னொரு ஸ்கேலை நிறுத்தி 18 வரை குறித்தோம். சாக்பீஸ் கோடு குண்டுவின் தொடைக்கு வந்தது. வானத்திலிருந்து இவ்வளவு உயரத் தண்ணீரா என்று எல்லோரும் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார்கள். 480 மில்லிமீட்டர் என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

அப்போதுதான் மீன் பையன் கேட்டான். "அப்ப எங்க வீட்டுல தண்ணி கழுத்துக்கு நின்னுச்சே, அது எப்படி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 19

எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து ஒரு ஓரத்தைச் செங்கலில் தூக்கி வைத்தேன். பரவலாகத் தண்ணீர் தெளித்தோம். தாழ்ந்த ஓரத்தில் குளம். தெளித்தது எல்லா இடத்திலும் ஒரே அளவு, நின்றது ஒரு மூலையில். அவன் வீடு அந்த மூலை. அதோடு பெண்ணையாற்றின் மேலே சாத்தனூர் அணையும் இருக்கிறது. டிசம்பர் 2 ஆம் தேதி வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். இங்கே மழை விட்ட பிறகுதான் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தது. நந்தி மலையில் தொடங்குகிற ஆறு, வழியில் பெய்ததையெல்லாம் வாரிக்கொண்டு நம் வாசலில் கொட்டுகிறது.

"எங்க ஈ.வி.எஸ்.ல ஆறு எப்படிப் போகுதுன்னு ஒரு பாடமே இருக்கு டீச்சர்" என்றாள் பாகூர்க்காரி. இருந்திருக்கிறது, நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை. கணக்கும் ஆறும் ஒரே நாளில் வந்தால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. மூன்று நாள் முன்பு "ஈ.வி.எஸ். என்றால் அறிவியலும் இல்லை, சமூகமும் இல்லை" என்று இவளைக் கிண்டல் செய்தவள் நான். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நவம்பர் 26

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மகளைச் சேர்த்தாயிற்றாம். முதல் வாரமே ரிவிஷன் டெஸ்ட், பின்னம், 20க்கு 9. வீட்டில் ஒரே புகைச்சல், "கடலூரிலேயே விட்டிருக்கலாம்" என்று.

சார், விடைத்தாளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று கேட்டேன். தப்பான கணக்குகளை மட்டும் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார், அதற்கு நன்றி. ஓரினப் பின்னம் ஒன்று கூடத் தப்பு இல்லை! சமான பின்னம் கண்டுபிடி என்கிற கேள்விகள் ஒட்டுமொத்தமாகக் காலி. வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு தாளைப் பாதியாக மடிக்கச் சொல்லுங்கள், மறுபடி பாதி, மறுபடி பாதி. பிரித்தால் எட்டுக் கட்டம். பாதியைத் தீட்டினால் நாலு கட்டம். 1/2 தான் 4/8 என்று அவள் வாயாலேயே வரும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், அப்பாக்கள் செய்கிற தப்பு அதுதான்.

டிசம்பர் 2

ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் ஆக்குவார்களா என்று கேட்டவருக்கு. 2019 இல் இங்கே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதி மாற்றியது. ஐந்திலும் எட்டிலும் வருடக் கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, நம் பக்கம் எட்டு வரை தேர்ச்சிதான். அந்தப் பக்கம் சேர்த்த பள்ளியில் இதை நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

குண்டுவுக்கு ஆறாம் வகுப்பு போகவே இஷ்டம் இல்லை. காரணம் பரீட்சை இல்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். "ஆறாவது போனா பொங்கல் கிடையாது டீச்சர்." ஆசைப்பட்டால் கூட இவனை ஃபெயில் ஆக்க இங்கே சட்டம் இல்லை என்று சொன்னேன். வருத்தப்பட்டான்.

டிசம்பர் 14

"கடைக் கணக்கையும் தாம்பாளத்தையும் வைத்துக்கொண்டு பரீட்சையில் என்ன செய்வார்கள்?" என்று ஒருவர். நியாயமான குத்தல். அரையாண்டு நெருங்குகிறது, நானும் இந்த வாரம் முழுக்கப் பழைய வினாத்தாள்தான். தாம்பாளம் அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. பாகூர்க்காரிக்கு நேற்றும் ஒரு 1/2 + 1/4 வைத்தேன், வினாத்தாள் நடுவில் ஒளித்து. 2/6 என்று எழுதி, அடித்து, ஓரத்தில் சின்னதாகக் கட்டம் வரைந்து 3/4 என்று எழுதியிருந்தாள். அடித்ததை அழிரப்பர் போட்டு அழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 15

கேள்வி கேட்டவரின் மகள் தாளை மடித்தாளாம். எட்டுக்குப் பிறகு பதினாறு, முப்பத்திரண்டு என்று போய், அதற்குமேல் மடிக்க முடியாமல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த டெஸ்ட் மார்க்கை இன்னும் எழுதவில்லை, எழுதுங்கள் சார்.

ஜனவரி 6

மூன்றாம் பருவப் புத்தகம் வந்தாயிற்று. புதுப் புத்தகத்தை மூக்கில் வைத்துப் பார்ப்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளும் விடவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனிமேல்தான் பின்னம்.

மீன் பையனுக்கு இன்று பாகூர்க்காரிதான் டீச்சர். நான் ஒதுங்கிக்கொண்டேன். அரையும் காலும் அவனுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, "தெரியும் போ" என்றான். மூன்றில் ஒன்றுக்கு வந்ததும் தாளை மடிக்கச் சொன்னாள். பாதியாக மடித்துப் பழகிய கை, மூன்றாக மடிக்க வரவில்லை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி. நாலு தாள் கசங்கிவிட்டது. ஸ்கேலை எடுத்து 30 செ.மீ.யில் பத்துப் பத்தாகக் குறிக்கலாம் என்று குண்டு யோசனை சொல்கிறான். தாளோ 29 மற்றும் கொஞ்சம்.

மாமியார் கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாய்க்கே வந்துவிட்டார். மூணில் ஒண்ணை எப்படி மடிப்பது என்று அவருக்கும் பார்க்கணுமாம்.